மதிலைச் சுற்றி ஒரு நடை: காலிக் கோட்டை பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் நான் பிறந்து வளர்ந்த காலிக் கோட்டையைப் பற்றி எழுதியதும் நிறையக் கடிதங்கள் வந்தன. இலங்கையின் தென்கரையில், மூன்று பக்கம் கடலும் ஒரு பக்கம் நகரமுமாக மதிலுக்குள் இருக்கும் ஊர் அது. போகப்போகிறோம், என்ன பார்ப்பது, எங்கே சாப்பிடுவது என்று கேட்டவர்களே அதிகம். சில கேள்விகளுக்கு ஒரு வரி போதும். சிலவற்றுக்கு விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

சென்னையிலிருந்து ஒரு வாசகர்: நான்கு நாள் பயணமாக இலங்கை வருகிறோம். கொழும்பிலிருந்து காலையில் கிளம்பி காலியைப் பார்த்துவிட்டு மாலையே திரும்பிவிடலாமா?

திரும்பலாம் தம்பி. ஆனால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அப்படி வருகிறவர்கள் பதினொரு மணி வெயிலில் வந்து இறங்குகிறார்கள். கல் சூடேறி, தெருவில் நிழலே இல்லாத நேரம் அது. இரண்டு கடை ஏறி, வெளிச்சவீட்டுக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டு மூன்று மணிக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். ஊர் மதிலுக்கு வருவதோ நாலரைக்குத்தான். ஒரு இரவாவது கோட்டைக்குள் தங்குங்கள். ஆடம்பர விடுதிதான் வேண்டும் என்றில்லை, தங்கள் வீட்டிலேயே இரண்டு அறை ஒதுக்கி விடுகிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. விடியற்காலைத் தொழுகைக்கு அழைக்கும் சுபஹு பாங்கு கேட்டு விழித்து, வாகனம் வராத தெருக்களில் ஒரு முறை நடந்தால்தான் எங்கள் ஊர் உங்களுக்குப் பிடிபடும்.

வரும்போது ரயிலில் வாருங்கள். கொழும்பிலும் 'கோட்டை' என்று ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. அங்கேதான் ஏற வேண்டும், இறங்குவது காலி நிலையத்தில். வலப்பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். கொள்ளுப்பிட்டி தாண்டியதும் கடல் தண்டவாளத்தை ஒட்டியே வரும். இரண்டரை மணி நேரப் பயணம், சில ரயில்கள் இன்னும் மெதுவாகப் போகும். திரும்பும்போது அவசரமென்றால் தெற்கு அதிவேகப் பாதையில் ஓடும் பஸ்ஸில் கொழும்பின் புறநகரான மாகும்புரவுக்கு ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். காலி நிலையத்திலிருந்து கோட்டை வாசலுக்கு ஓட்டோ தேவையில்லை, நடக்கிற தூரம்தான்.

கோயம்புத்தூர் வாசகி ஒருவர்: மதில் மேலேயே ஊரைச் சுற்றி வரலாம் என்று எழுதியிருந்தீர்கள். எங்கே ஏறி எந்தப் பக்கமாகப் போவது?

நாலு மணிக்கு மேல் தொடங்குங்கள். மணிக்கூட்டுக் கோபுரம் நிற்கும் சந்திரக் கொத்தளத்தில் ஏறினால் நகரம் முழுவதும் கண்ணுக்கு முன்னால்: கிரிக்கெட் மைதானம், பஸ் நிலையம், அதற்கு அப்பால் சந்தை. அந்தக் கோபுரத்தை 1883இல் அன்தோனிஸ் என்ற டாக்டரைக் கௌரவிக்க ஊர் மக்கள் பணம் சேர்த்துக் கட்டினார்கள். ஆளுநர்களுக்கும் தளபதிகளுக்கும் எழுப்பிய சின்னங்களை எத்தனையோ ஊரில் பார்த்திருப்பீர்கள். நோயாளிகள் தங்கள் டாக்டருக்குக் கட்டிய கோபுரம் ஊரின் நெற்றியில் நிற்பதில் எங்களுக்குப் பெருமை உண்டு.

அங்கேயே நின்று கொஞ்சம் கீழே பாருங்கள். மதில் மிக உயரமாகவும் தடிப்பாகவும் இருப்பது இந்த நிலப்பக்கத்தில்தான். போர்த்துக்கேயர் 1588இல் நிலத்தின் கழுத்தை அடைத்து முதல் அரணைக் கட்டினார்கள். 1640இல் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர்கள், அதைப் பிடித்தார்கள். பிடித்தவர்களுக்குத் தங்களையும் எவராவது இதே வழியில் வந்து பிடித்துவிடுவார்களோ என்ற பயம். அதனால் இந்தப் பக்கத்தில் சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று மூன்று பெரிய கொத்தளங்களை எழுப்பினார்கள். கடற்பக்கத்தில் பாறைகள் அவர்களுக்குப் பாதிக் காவல் செய்தன. மொத்தம் 14 கொத்தளங்கள். இத்தனை கட்டியும், 1796இல் ஆங்கிலேயர் கைக்குப் போனபோது இங்கே சண்டை நடக்கவில்லை. கொழும்பு சரணடைந்ததும் காலியும் கைமாறிவிட்டது.

சந்திரனிலிருந்து நட்சத்திரம், அங்கிருந்து இடப்பக்கம் திரும்பினால் மேற்கு மதில். இனிக் கடல் உங்களுக்கு வலப்பக்கத்தில். மதிலின் உட்பக்கம் புல்தரை. பிள்ளைகள் பட்டம் விடுவார்கள், கிரிக்கெட் ஆடுவார்கள், காதலர்கள் வெயில் தாழும்வரை குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைப் படம் எடுக்காதீர்கள். இந்த இடத்தில் குனிந்து மதிலைத் தொட்டுப் பாருங்கள். கருங்கல்லுக்கு நடுவே வெளிறிய சாம்பல் நிறக் கட்டிகள் தெரியும். விரல் வைத்தால் சொரசொரப்பு, உற்றுப் பார்த்தால் சின்னச் சின்ன வட்டங்களும் அவற்றுக்குள் ஆரக்கோடுகளும். அது பவளப்பாறை. கடலில் வெட்டி எடுத்துச் சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டியிருக்கிறார்கள். சாந்து உதிர்ந்த இடங்களில் ஒரு காலத்தில் உயிரோடிருந்த பவளத்தின் வரிகள் அப்படியே நிற்கின்றன. என் மாணவிகளை அழைத்துப்போகும்போதெல்லாம் இந்த இடத்தில்தான் அதிக நேரம் நிற்போம்.

பிறகு கிளிப்பன்பர்க், நெப்டியூன், டிரைட்டன் கொத்தளங்கள் வரும். டிரைட்டனில் ஒல்லாந்தர் காலத்தில் ஒரு காற்றாலை இருந்தது. அதன் கதையைக் கீழே வேறொரு பதிலில் சொல்கிறேன். தென்மூலையில் கொடிப்பாறை. பாறை இருக்கும் இடங்களைப் பற்றிக் கப்பல்களுக்கு எச்சரிக்கை கொடுத்த இடம். சூரியன் மறையும் நேரத்தில் ஊரே இங்கேதான் நிற்கும். அதைத் தாண்டினால் வெளிச்சவீடு. 1848இல் கட்டிய பழையது தீயில் அழிந்தது. இப்போதிருக்கும் வெள்ளைக் கோபுரம் 1939இல் எழுந்தது, 26.5 மீட்டர் உயரம். அதன் எதிரே 1904இல் கட்டிய எங்கள் மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல். தூரத்திலிருந்து பார்த்துத் தேவாலயம் என்று நினைக்கிறவர்கள் உண்டு, முகப்பு அந்தப் பாணியில்தான் இருக்கிறது. வாப்பா என் கையைப் பிடித்து அழைத்துப்போன பெருநாள் காலைகளெல்லாம் எனக்கு இந்த வாசலோடு சேர்ந்தவை.

கிழக்குப் பக்கத்தில் மதில் மேல் தொடர்ந்து நடக்க வழியில்லை. ஹொஸ்பிடல் வீதியில் இறங்கி அக்கர்ஸ்லூட், கறுப்புக் கொத்தளம் என்று பார்த்துக்கொண்டே பழைய வாசலுக்கு வந்துவிடுங்கள். சுற்று ஏறத்தாழ 3 கிலோமீட்டர்தான். ஆனாலும் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

பழைய வாசலை வெளிப்பக்கமும் உட்பக்கமும் பார்க்க மறக்க வேண்டாம். வெளியே ஆங்கிலேயர் வைத்த அரச சின்னம். உள்ளே ஒல்லாந்த கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை: இரண்டு சிங்கங்கள், நடுவே கம்பனியின் எழுத்துகள், உச்சியில் ஒரு சேவல், 1669 என்ற ஆண்டு. ஆங்கிலேயர் 1873இல் பெரிய வாசலைத் திறக்கும்வரை கோட்டைக்குள் போகவும் வரவும் இந்த ஒரு வழிதான்.

தஞ்சாவூர் வாசகி: அம்மாவுக்கு முழங்கால் வலி. படியேற முடியாது. அவரை அழைத்து வருவதில் பயன் உண்டா?

தாராளமாக அழைத்து வாருங்கள் மகள். கோட்டைக்குள் தெருக்கள் சமதரை. நீதிமன்றச் சதுக்கத்தில் பெரிய மரங்கள் இருக்கின்றன. காலையில் அங்கே அம்மாவை உட்காரவைத்தால் கறுப்புக் கோட்டுப் போட்ட வழக்கறிஞர்களும், வழக்குக் கோப்புகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரும் கட்சிக்காரர்களுமாக ஊர் நடமாடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மேற்குப் பக்கத்தில் புல்தரை சரிவாகவே மதில்வரை ஏறுகிறது. ஓட்டோவை அங்கே நிறுத்திக் கையைப் பிடித்து நாலடி நடத்தினால் கடல் தெரியும்.

ஒல்லாந்தர் தேவாலயத்துக்கும் கட்டாயம் அழைத்துப்போங்கள். 1755இல் கட்டி முடித்தது. கோட்டைத் தளபதி தன் மகள் பிறந்த நன்றிக்காகக் கட்டினார் என்று ஊரில் சொல்வார்கள். உள்ளே தரை முழுவதும் கல்லறைக் கற்கள். குடும்பச் சின்னம், மண்டையோடு, மணல் கடிகாரம் எல்லாம் கல்லில் புடைத்து நிற்கும். எழுத்துத் தெரியாவிட்டாலும் ஆண்டுகளை வாசிக்கலாம். பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் கழித்துப் பாருங்கள், எத்தனை பேர் சின்ன வயதிலேயே போயிருக்கிறார்கள் என்பது தெரியும். அவர்களுக்கும் இது வெயிலும் காய்ச்சலும் நிறைந்த தூரதேசம்தான்.

மதுரை வாசகர்: கொடிப்பாறையிலிருந்து கடலில் குதிக்கிறார்களே, நாங்களும் குதிக்கலாமா?

கூடாது. பழகிய ஊர்ப் பையன்கள் பாறைக்கு நடுவே ஆழமான ஒரு இடத்தைப் பார்த்துக் காசுக்காகக் குதிக்கிறார்கள். அவர்களிலும் அடிபட்டவர்கள் உண்டு. காசு கொடுத்துக் குதிக்கச் சொல்லாமல் இருந்தால் அதுவே பெரிய உதவி.

மட்டக்களப்பிலிருந்து ஓர் ஆசிரியர்: தரம் 9 மாணவர்களைச் சுற்றுலா அழைத்துவருகிறேன். படம் எடுத்துக்கொண்டு திரும்புவதோடு முடியாமல், அவர்கள் எதைக் கற்றுப் போகலாம்?

சேர், இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி.

முதலில் கடல்சார் தொல்பொருள் நூதனசாலை, அதாவது அருங்காட்சியகம். ஒல்லாந்தரின் பெரிய பண்டகசாலையில்தான் அது இருக்கிறது. மிளகும் கறுவாவும் கப்பலுக்கான கயிறும் அடுக்கிவைத்த நீண்ட கட்டடம். அங்கே ஆவொன்ட்ஸ்டர் என்ற கப்பலைப் பற்றிச் சொல்லிக் கொடுங்கள். ஆங்கிலக் கப்பலாகப் பிறந்து, ஒல்லாந்தரால் பிடிக்கப்பட்டு, பெயர் மாறி, 1659இல் காலித் துறைமுகத்திலேயே நங்கூரம் நழுவிக் கரைக்கு மிக அருகில் மூழ்கியது. 2001 முதல் இலங்கையின் கடலடித் தொல்லியலாளர்கள் அதை அகழ்ந்து எடுத்தார்கள். அப்படி எடுத்த பொருள்களில் ஒரு பகுதியை 2004 சுனாமியில் கடல் திரும்பக் கொண்டுபோய்விட்டது. அந்த வேலையில் இருந்தவர்களின் துயரத்தை அன்று ஊரே பார்த்தது.

இரண்டாவது, கால்வாய்கள். தெருவுக்கு அடியில் ஒல்லாந்தர் செங்கல்லால் கட்டிய சாக்கடைகள் ஓடுகின்றன. டிரைட்டன் கொத்தளத்துக் காற்றாலை இயக்கிய இறைப்பு முறையால் கடல்நீரை ஏற்றி அவற்றைக் கழுவி விட்டார்கள். ஒரு ஊர் தன் அழுக்கை எப்படி வெளியேற்றியது என்று கேட்டால் பிள்ளைகள் சிரிப்பார்கள். பிறகு அவர்களே படம் வரைந்து காட்டுவார்கள். 1988இல் யுனெஸ்கோ இந்தக் கோட்டையை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது இந்தச் சாக்கடை முறையையும் குறிப்பிட்டுத்தான் எழுதியது.

மூன்றாவது, மும்மொழிக் கல்வெட்டு. தமிழ்ப் பிள்ளைகள் இதைத் தெரியாமல் காலியைவிட்டுப் போகக் கூடாது. 1911இல் கோட்டைக்கு வெளியே கிரிப்ஸ் வீதியருகே, வடிகாலை மூடியிருந்த பலகைக்கல் ஒன்றை ஒரு பொறியியலாளர் கவனித்தார். அதில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். சீனக் கடற்தளபதி செங் ஹேயின் கப்பற்படையோடு வந்த கல், தேதி 1409. மூன்று மொழியிலும் காணிக்கைப் பட்டியல் இருக்கிறது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று போகும். ஆனால் காணிக்கை பெறுகிறவர் மூன்றிலும் வேறு. சீனத்தில் புத்தர், தமிழில் தெனாவரை நாயனார் என்ற திருமால், பாரசீகத்தில் அல்லாஹ். இந்தக் கரையில் வியாபாரத்துக்கு வருகிறவன் யார் யாரை மதிக்க வேண்டும், எந்த மொழிகளில் பேச வேண்டும் என்பதை அந்தத் தளபதி தெரிந்துவைத்திருந்தார். அறுநூறு வருடத்துக்கு முன் தென்னிலங்கைத் துறையில் தமிழுக்கு இருந்த இடத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. மூலக்கல் இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. திரும்பும் வழியில் பஸ்ஸை அங்கே நிறுத்துங்கள்.

நேரம் இருந்தால் துறைமுகத்தைக் காட்டி ஒரு கேள்வி கேளுங்கள்: இவ்வளவு பெரிய துறை ஏன் சிறுத்தது? நீராவிக் கப்பல் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வரும் செய்திகள் முதலில் காலியில்தான் இறங்கின. 1850களில் கொழும்புப் பத்திரிகை ஒன்று அவற்றைப் புறாக்காலில் கட்டி அனுப்பியது, தந்தி வரும்வரை. ஆனால் குடாவுக்குள் பாறை அதிகம், தென்மேற்குக் காற்றுக்கு மறைப்பும் போதாது. 1875இல் கொழும்பில் அலைதடுப்புச் சுவர் வேலை தொடங்கியது. அது முடிந்ததும் கப்பல்கள் அங்கே போய்விட்டன. கப்பல் போனதால்தான் கோட்டையை இடித்துப் பெரிய கட்டடங்கள் கட்டும் அவசியம் எவருக்கும் வரவில்லை என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு.

திருநெல்வேலி வாசகர்: கோட்டைக்குள் பரவ வீதி என்று ஒரு பெயர்ப்பலகை பார்த்தேன். எங்கள் கரையோடு தொடர்பு உண்டா?

நீங்கள் நினைப்பது சரிதான். முத்துக்குளித்துறைப் பரவர்கள் மன்னார் வளைகுடாவின் இரு கரையிலும் கடலோடியவர்கள், போர்த்துக்கேயர் காலத்தில் கத்தோலிக்கரானவர்கள். அவர்களின் பெயரைத் தாங்கும் தெருதான் அது. கோட்டைத் தெருப் பெயர்களில் இப்படிப் பழைய தொழிலும் குடியும் தங்கியிருக்கின்றன. லேன் பான் வீதியில் கப்பலுக்குக் கயிறு திரித்தார்கள், பெட்லர் வீதியில் தலைச்சுமை வியாபாரிகள் இருந்தார்கள். எங்கள் சோனக (இலங்கை முஸ்லிம்) வீடுகளில் இன்றும் பேசுவது தமிழ்தான். நீங்கள் வழி கேட்கும்போது தமிழிலேயே கேட்டுப் பாருங்கள், தொப்பி போட்ட பெரியவர் எவரேனும் வாசல் திண்ணையிலிருந்து பதில் சொல்வார்.

சேலம் வாசகி: சாப்பாடு பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

சொல்லாமல் விடுவேனா! தெற்குக்கு வந்தால் மீன் அம்புல் தியல் சாப்பிட வேண்டும். சூரை மீனைக் கட்டிக் கட்டியாக வெட்டி, கொறக்காப்புளியை (குடம்புளி) அரைத்து மிளகோடும் உப்போடும் பூசி, மண்சட்டியில் வாழையிலை பரப்பி அடுக்கி, தண்ணீர் சுண்டும்வரை மெல்லிய நெருப்பில் வைப்பார்கள். வெளியே கறுத்து, உள்ளே இறுகி இருக்கும். குழம்பு கிடையாது. குளிர்சாதனப் பெட்டி வராத காலத்தில் நாலைந்து நாள் கெடாமல் இருந்த கறி அது. சோற்றோடும் தேங்காய்ச் சம்பலோடும் சாப்பிடுங்கள். பிறகு எருமைத் தயிரும், கித்துல் என்ற பனை வகையின் பாகான கித்துல் பாணியும். தயிர் மண்சட்டியில் உறைந்து கட்டியாக வரும், பாணியைத் தாராளமாக ஊற்றுங்கள்.

முஸ்லிம் வீட்டில் தங்கினால் வட்டலப்பம் உண்டா என்று கேளுங்கள். தேங்காய்ப்பால், முட்டை, கித்துல் கருப்பட்டி, ஏலம் சேர்த்து அவிப்பது. உம்மா சாதிக்காய் ஒரு சிட்டிகை போடுவார், நானும் போடுகிறேன். மதிலில் விற்கும் இறால் வடை பொரிக்கும்போதே வாங்கினால் நல்லது, ஆறியதைத் தொடாதீர்கள். தாகத்துக்குச் செவ்விளநீர்.

பழைய ஒல்லாந்த ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் இப்போது கடைகளும் உணவகங்களும் இருக்கின்றன. நீண்ட விறாந்தையும் கடல் காற்றும் நன்றாக இருக்கும். விலை அதிகம்.

பெங்களூரிலிருந்து ஒரு வாசகி: என்ன வாங்கலாம்? இரத்தினக்கல் மலிவா?

இரத்தினக்கல்லைத் தெருவில் நின்று வாங்காதீர்கள். கல் தெரிந்த குடும்பங்கள் இங்கே பல தலைமுறையாக இருக்கின்றன, நேர்மையான கடைகள் உண்டு. ஆனால் உங்களுக்குக் கல் தெரியாது என்பதுதான் பிரச்சினை. வாங்கியே ஆக வேண்டுமென்றால் எழுத்தில் பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு, கொழும்பில் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையில் சோதித்துக்கொள்ளுங்கள். ஆமையோட்டில் செய்ததை எவர் நீட்டினாலும் வேண்டாம், அது சட்டவிரோதம். 50 வருடத்துக்கு மேற்பட்ட பழம்பொருளை உரிமம் இல்லாமல் நாட்டைவிட்டு எடுத்துப்போகவும் முடியாது.

வாங்க வேண்டியது பீரலு ரேந்தை, நூலில் கையால் முடையும் லேஸ். போர்த்துக்கேயரோடு இந்தக் கரைக்கு வந்த கைவேலை. ஒரு பெண் அதை முடைவதை ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். உருளைத் தலையணையில் வடிவம் வரைந்த தாள், அதன் மேல் வரிசையாகக் குண்டூசிகள், ஒவ்வொரு நூல் நுனியிலும் சின்ன மரக்குச்சி. இரண்டு குச்சியை வலத்துக்கு எறிவார், ஒன்றைத் தாண்டுவார், ஊசியைப் பிடுங்கி அடுத்த துளையில் குத்துவார். குச்சிகள் மோதும் சத்தம் நிற்காது, கண் மட்டும் தாளைவிட்டு நகராது. ஒரு நாள் முழுவதும் இருந்தால் சில அங்குலம்தான் வளரும். இதைத் தெரிந்துகொண்டு பேரம் பேசாமல் வாங்குங்கள். இயந்திர ரேந்தையையும் பக்கத்திலேயே விற்கிறார்கள். தலையணையோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணிடமே வாங்குவதுதான் பாதுகாப்பு.

புதுச்சேரியிலிருந்து பள்ளி மாணவன் ஒருவன்: மதிலில் நின்று டெஸ்ட் மேட்ச் பார்க்கலாம் என்பது உண்மையா?

உண்மைதான் மகன். சந்திரக் கொத்தளப் பக்கத்து மதிலில் நின்றால் ஆடுகளம் முழுவதும் கீழே தெரியும். 1998இலிருந்து இங்கே டெஸ்ட் நடக்கிறது. 2010 ஜூலை 22ஆம் தேதி முத்தையா முரளிதரன் தன் 800ஆவது விக்கெட்டை இந்த மைதானத்தில்தான் எடுத்தார். அதுவே அவருடைய கடைசி டெஸ்ட். தொடங்கும்போது எட்டு விக்கெட் தேவைப்பட்டது. இந்தியாவின் கடைசி ஆட்டக்காரர் ஓஜா, மஹேல ஜயவர்தனவிடம் பிடி கொடுத்தபோது எட்டாவதும் கிடைத்தது. மதில் நிறைய ஆட்கள், வெடிச்சத்தம், என் அண்ணன் மகன் அழுதேவிட்டான். ஆட்டநாட்களில் மதிலில் ஏற விடுவார்களா என்பதைப் பொலிசார் அன்றன்று முடிவு செய்வார்கள். தொப்பியும் தண்ணீரும் கொண்டு போ.

நாகப்பட்டினம் வாசகி: நாங்களும் சுனாமியில் இழந்தவர்கள். காலிக் கோட்டையை மதில் காப்பாற்றியது என்கிறார்களே?

ஆம் சகோதரி, காப்பாற்றியது. 2004 டிசம்பர் 26, ஞாயிறு, பௌர்ணமி விடுமுறை. மதிலுக்கு உள்ளே பெரிய சேதமில்லை. மதிலுக்கு வெளியே பஸ் நிலையத்தையும் மைதானத்தையும் சந்தையையும் கடல் அள்ளிக்கொண்டு போனது. ஒரு சுவரின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அவ்வளவு வித்தியாசம். வெளியிலிருந்து நனைந்த உடையோடு ஓடிவந்தவர்களுக்கு எல்லா வீட்டுக் கதவும் திறந்தது. உம்மா பெரிய பானையை அடுப்பில் ஏற்றினார், இரண்டு நாள் அது இறங்கவில்லை. யார் எந்த மதம் என்று எவரும் கேட்கவில்லை.

நீங்கள் ரயிலில் வந்தால் ஹிக்கடுவவுக்குச் சற்று முன் பெரலிய வரும். அன்று அங்கே நின்ற ரயிலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நினைவுச்சின்னம் இருக்கிறது. உங்களுக்கு மனம் இருந்தால் இறங்கி நில்லுங்கள், இல்லாவிட்டால் பரவாயில்லை. அதை எவரும் குறையாக நினைக்க மாட்டார்கள்.

வெள்ளவத்தை வாசகர்: டீச்சர், கோட்டை முழுவதும் காப்பிக்கடையும் விடுதியும்தான். வெள்ளைக்காரர்களுக்கான ஊராகிவிட்டது. நாங்கள் ஏன் போக வேண்டும்?

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, எனக்கும் அது இருக்கிறது. 2000க்குப் பிறகு வெளிநாட்டவர்கள் வீடு வாங்கத் தொடங்கினார்கள், விலை ஏறியது. என்னோடு பள்ளிக்குப் போனவர்கள் ஒவ்வொருவராக விற்றுவிட்டு வெளியே போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூரை ஓடு மாற்றவே ஒரு குடும்பத்தின் சேமிப்புக் கரையும், மரபுரிமை விதிப்படி ஒரு ஜன்னலை மாற்றவும் அனுமதி வேண்டும், பிள்ளைகளுக்குப் பங்கு பிரிக்க வேண்டும். வாங்கியவர்களில் சிலர் இடிந்த வீட்டை அழகாக எடுத்துக் கட்டியதையும் பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் ஊர் தீர்ந்துபோகவில்லை. நீதிமன்றம் நடக்கிறது, தபால் கந்தோர் நடக்கிறது, பள்ளிவாசலில் ஐந்து நேரமும் பாங்கு ஒலிக்கிறது, அரபுக் கல்லூரிப் பிள்ளைகள் வெள்ளை உடையில் தெருவைக் கடக்கிறார்கள். வெளியூர்க்காரன் மட்டும் வந்தால் கடைகளும் அவனுக்காக மட்டுமே இருக்கும். நம் ஆட்கள் வந்து, மூலைக்கடையில் சோறு கேட்டு, மதிலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தால் அந்தக் கடை மூடாது. மதிலுக்கும் தெருவுக்கும் நுழைவுச்சீட்டு இல்லை. ஞாயிறு மாலையில் பிள்ளைகளோடு வாருங்கள். அன்று அங்கே இருப்பவர்களில் பெரும்பாலோர் நம் நாட்டவர்கள்தான்.

ஈரோடு வாசகர்: எந்த மாதம் நல்லது? அருகில் வேறு என்ன பார்க்கலாம்?

டிசம்பர் முதல் மார்ச் வரை. மே முதல் தென்மேற்குக் காற்றில் கடல் கொந்தளிக்கும், குளிக்க முடியாது.

குளிக்க உனவட்டுனைக்குப் போகலாம், ஓட்டோவில் கால் மணி நேரம். போகும் வழியில் ருமஸ்ஸல குன்று. அனுமன் கொண்டுபோன சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்று சிங்கள மக்களும் சொல்வார்கள், மூலிகைகள் நிறைந்த இடம். ஒரு நாள் கூடுதலாக இருந்தால் ரயிலில் மாத்தறை போய் அங்கிருந்து தெவிநுவரைக்குப் போங்கள். மேலே சொன்ன தெனாவரை நாயனாரின் தலம் அதுதான். பதினான்காம் நூற்றாண்டில் மொரோக்கோப் பயணி இப்னு பதூதா பார்த்து வியந்த பெருங்கோயிலைப் போர்த்துக்கேயர் 1588இல் அழித்தார்கள். இப்போது அங்கே விகாரையும் விஷ்ணு தேவாலயமும் இருக்கின்றன.

கீழக்கரை வாசகி: நோன்பு மாதத்தில் வரலாமா? பள்ளிவாசலைப் பார்க்க விடுவார்களா?

நோன்பு மாதத்தில் வருவது நல்லதுதான். பகலில் எங்கள் ஆட்களின் சாப்பாட்டுக் கடைகள் சில மூடியிருக்கும், மற்றவை திறந்திருக்கும். பள்ளிவாசலைப் பார்க்க விரும்பும் மற்ற மதத்து நண்பர்கள் உங்களோடு வந்தால் தொழுகை நேரம் தவிர்த்து, உடலை மூடிய உடையில், வாசலில் நிற்பவரிடம் அனுமதி கேட்கச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் வேண்டாம். நோன்புக்கஞ்சி மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு கொடுப்பார்கள், எவர் போய்க் கேட்டாலும் கிடைக்கும். கொதிக்கக் கொதிக்க ஊற்றுவார்கள், மூடியும் கைப்பிடியும் உள்ள பாத்திரமாகக் கொண்டுபோங்கள்.